இடது பக்கத்தில் ஒருவன்

போன வாரம் மாமாவை அணைக்கட்டின் மேல், காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அவருக்குப் பின்னால் மருமகள், சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கிக்கொண்டு நின்றாள். இப்போது இரண்டு பேரும் நடக்கத் தொடங்கி, காட்டுக்குள் ஏறியும் ஆயிற்று. அவள் இன்னும் மென்று விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருத் திருப்பத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை இந்தக் குடும்பத்துடையது. மாமா கண்ணைப் பார்த்து பவர் சொல்வார். மருமகள் பின்னறை மெஷினில் லென்ஸை உரசி ஃப்ரேமில் பொருத்துவாள். முன்னால் நின்று ஃப்ரேம் எடுத்துக் காட்டி, மூக்கு சப்பையானவரையும் ராஜா மாதிரி இருக்கீங்க என்று நம்ப வைத்து அனுப்பியவன் மூத்த மகன், அவளுடைய கணவன். அவன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூளையில் புற்றுநோய்.

அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத்தான் இன்றைய நடை. விடியும்போது அணைக்கட்டில் தொடங்கி, காடு ஏறி, மலை முதுகில் நடந்து, மறுபக்கம் இறங்கி, பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரி வாசலைத் தொட வேண்டும். முழுதாக நடந்து முடித்தால் இவ்வளவு தருகிறேன் என்று கடைத்தெருவில் எல்லோரும் மாமாவின் பேரில் சொல்லியிருந்தார்கள். பாதியில் வேனில் ஏறினால் கிடையாது. அதனால் மாமா பாதியில் வேனில் ஏறமாட்டார். அப்படி ஒரு நிபந்தனை இல்லாவிட்டாலும் ஏறமாட்டார். அது வேறு விஷயம்.

நடக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தாங்கள் இழந்தவரின் படத்தை முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. யார் யோசித்ததோ தெரியாது, பின்னால் வருகிறவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. மாமாவின் முதுகில் மூத்தவன் சிரித்துக்கொண்டே போனான். அவர் ஏறும்போது அவனும் ஏறினான், அவர் மூச்சு வாங்க நின்றால் அவனும் நின்றான். காலையிலிருந்து அவள் தன் கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவன் உயிரோடு இருந்தபோதுகூட இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

படத்தை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். கடைக்குப் புது போர்டு மாட்டிய நாளில் எடுத்தது. நல்ல சிரிப்பு என்பதால் எடுத்தாள். முதுகோடு ஆடி ஆடிப் போகும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவன் முகம் நேராக இல்லை. கொஞ்சம் இடது பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் சரியாகத் தெரியாதவன், எட்டிப் பார்க்கத் திருப்புகிற மாதிரி. அப்படியானால் போர்டு மாட்டிய அன்றைக்கே அவனுக்கு அந்த நோய் இருந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து நின்று சிரித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தது வேறு. நடை தொடங்கிய இடத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டிருந்தார்கள். குழந்தைக்கும் தெரிகிற கம்பம். மாமா அதில் இடது தோளை நன்றாக இடித்துக்கொண்டார்.

"கம்பத்துக்குப் பார்வை கம்மி போலிருக்கு. நாளைக்குக் கடைக்கு வரச் சொல்லுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

மூத்தவனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. காரின் இடது பக்கம் முழுவதும் கீறல். கதவு நிலையில் இடது தோள். தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். "இடது பக்கத்துக்கும் உனக்கும் என்னடா ஜென்மப் பகை" என்று தம்பி, சின்னவன், கேலி செய்தான். வரியின் முதல் எழுத்துகள் காணாமல் போகின்றன என்று மூத்தவன் சொன்னபோது மாமா பவர் மாற்றினார். பிறகு ஃப்ரேமை மாற்றினார். பிறகு மறுபடியும் பவர். மூன்று கண்ணாடி போட்டு முடிப்பதற்குள் கட்டி அதன் வேலையைப் பார்த்துக்கொண்டுவிட்டது.

இத்தனைக்கும் மாமாவிடம் யார் கண் காட்ட வந்தாலும் முதலில் ஒரு சோதனை உண்டு. "என் மூக்கைப் பாருங்க" என்பார். கைகளைப் பக்கவாட்டில் விரித்து, வந்தவரின் வலது பக்கம் ஒரு விரல் காட்டுவார், இடது பக்கம் இரண்டு. நேராகப் பார்க்கும்போதே இரண்டு ஓரமும் தெரிகிறதா என்று தெரிந்துகொள்ள. எப்போதும் அதே ஒன்று, அதே இரண்டு. "அப்பா, என்னைக்காவது மாத்திக் காட்டுங்கப்பா. பழைய கஸ்டமர் எல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க" என்று மூத்தவன் சிரிப்பான்.

ஊரில் பாதிப் பேருக்குக் காட்டிய விரலை மகனுக்குக் காட்டவில்லை. வீட்டு ஆளுக்கு யார் அதையெல்லாம் செய்வார்கள்? சாப்பிட்டுக்கொண்டே விசாரித்து, கை கழுவிவிட்டு வந்து லென்ஸை மாற்றுவதுதான் வழக்கம். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், வயதில் பேரன் மாதிரி இருந்தவர், "என் மூக்கைப் பாருங்க" என்றார். இடது பக்கம் அவர் காட்டிய விரல் மூத்தவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற மாமாவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மாமா சோதனை அறைக்குள் போவதில்லை. சம்பளத்துக்கு ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

முதல் தங்குமிடம் காடு முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட கொட்டகை. தட்டில் ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சுச் சுளை வைத்துக் கொடுத்தார்கள். மாமா பெஞ்சின் இடது கோடியில் உட்கார்ந்தார். மருமகள் வலது பக்கத்தில் இடம் இருந்ததால் அங்கே உட்கார்ந்தாள்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுச் சாப்பிடுங்க மாமா. உள்ளதான் வெயில் இல்லையே."

"இருக்கட்டும்மா. திரும்பப் போடணும்ல."

விடிந்ததிலிருந்தே அவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். மலை வெயில் கண்ணுக்கு ஆகாதாம். சூரியன் வருவதற்கு முன்னாலேயே ஏன் போட்டுக்கொண்டார் என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடி போடுவதை யார் கேட்பார்கள்?

ரொட்டியைத் தின்றார், முட்டையைத் தின்றார். பக்கத்து ஆளின் தட்டைப் பார்த்தார்.

"நமக்கு மட்டும் ஆரஞ்சு வைக்கலியா இவங்க?"

சுளைகள் அவருடைய தட்டில்தான் இருந்தன. இடது பக்கத்தில்.

மருமகள் தட்டைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். "அட, இருக்கே" என்று அவர் எடுத்துத் தின்றார். அவர் கண் எங்கே பார்க்கிறது என்பது அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை. அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கொட்டகைக்கு வெளியே வந்து மாமியாருக்கு, அத்தைக்கு, போன் போட்டாள். இன்று கடையில் அத்தைதான்.

"என்ன, உங்க மாமா விழுந்துட்டாரா?" எடுத்தவுடன் அத்தை கேட்டாள்.

"இல்லத்தை, நல்லா நடக்குறார். வீட்டுல... ஏதாவது வித்தியாசமா இருந்தாரா இப்ப?"

"வித்தியாசமா இல்லாம எப்ப இருந்தார்? இந்த வாரம் பூரா ராத்திரி சாப்பாட்டுக்கு லேட்டு. நீ வீட்டுக்குப் போனதும் உன் மெஷின் ரூம்ல போய் உக்காந்துக்குறார். உரசுற சத்தம் கேக்குது. என்னன்னு கேட்டா, போய் வேலையைப் பாருங்குறார். அது கிடக்கட்டும், முந்தாநாள் சமையல்கட்டுல என் மேல வந்து மோதிட்டு, நீ எப்ப வந்தேன்னு என்னையே கேக்குறார். நான் என்ன ஊசியா, கண்ணுல படாம போக?"

"எந்தப் பக்கம் நின்னீங்கத்தை?"

"எந்தப் பக்கம்னா? அடுப்புப் பக்கம்."

அத்தை வீட்டுச் சமையல்கட்டில் உள்ளே வருகிறவருக்கு அடுப்பு எந்தக் கைப்பக்கம் என்று மருமகளுக்குத் தெரியும். அவள் சரி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சின்னவன் வேனில் சாய்ந்து நின்று ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தான். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வருவது இன்று அவன் வேலை. அண்ணன் போனதிலிருந்து அவன் பேச்சில் பாதி கிண்டல். மீதிப் பாதியைப் பேசுவதேயில்லை.

"தம்பி, மாமாவை வண்டியில ஏத்தணும்."

"ஏன் அண்ணி? காலா?"

"கண்ணு. இடது பக்கம் தெரியல அவருக்கு. கம்பத்துல இடிச்சார். தட்டுல இடது பக்கம் வச்சதை விட்டுட்டார். அத்தை மேல மோதியிருக்கார்."

சின்னவன் ஆரஞ்சுத் தோலைத் தூர எறிந்தான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இப்ப எல்லார்கிட்டயும் அது தெரியுது. போன மாசம் தபால்காரருக்குத் தலைவலின்னதும் ஸ்கேன் எடுக்க அனுப்பிட்டீங்க. பக்கத்துக் கடைக்காரர் சாவியைக் கீழ போட்டதுக்கு அவர் பொண்டாட்டியைக் கூப்பிட்டுப் பேசுனீங்க. என்னைக் கூட விடல. நான் கொட்டாவி விட்டாலே நாக்கை நீட்டுங்கிறீங்க."

"இது அப்படி இல்ல."

"ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றீங்க." அவன் குரல் இறங்கியது. "இன்னொரு தடவை எங்க வீட்டுல அது வராது அண்ணி. வரக்கூடாது. நீங்க அதைப் பேசாதீங்க."

அவன் கிண்டல் செய்யவில்லை, பயப்படுகிறான் என்று அவளுக்கு விளங்கியது. பயந்தவனோடு என்ன வாதம் செய்வது? தபால்காரர் விஷயத்தில் அவன் சொன்னதும் உண்மைதான். தான்தான் பேயைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறேனோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. திரும்பிப் பார்த்தால் மாமா அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். மூத்தவன் அவர் முதுகில் இருந்து, முகத்தைச் சற்றே திருப்பி, வா என்கிற மாதிரி சிரித்தான். அவள் ஓடினாள்.

மலை முதுகில் பாதை ஒற்றையடிப் பாதை. வலது கைப்பக்கம் பாறை. இடது பக்கம் சரிவு. அங்கங்கே இரும்புக் கம்பி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள், அங்கங்கே கட்டாமல் விட்டிருந்தார்கள். காற்று ஆளைத் தள்ளியது. முன்னால் போனவர்கள் தூரத்தில் தெரிந்தார்கள், பின்னால் வருகிறவர்களைக் காணோம். இவர்கள் இரண்டு பேர்தான். படத்தைச் சேர்த்தால் மூன்று.

மாமா பேசிக்கொண்டு போனார்.

முதலில் தன்னிடம் பேசுகிறார் என்று நினைத்து மருமகள், "என்ன மாமா?" என்றாள். அவர் திரும்பவில்லை.

"பார்த்து வா. அந்தக் கல்லு ஆடுது" என்றார்.

சொன்னது பின்னால் வந்தவளைப் பார்த்து அல்ல. தலையைக் கூடத் திருப்பாமல், தன் இடது பக்கத்தில் வருகிற ஒருவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். இடது பக்கத்தில் காற்றுதான் இருந்தது. அவர் வலது தோள் பாறையில் உரசும்படி ஒதுங்கி நடந்தார். அந்தக் குறுகலான பாதையில் இன்னொருவர் நடப்பதற்கு இடம் விட்டிருந்தார்.

மருமகள் இன்னும் நெருங்கி நடந்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாரோ என்று பயம். கூப்பிடாமல் இருக்கவும் பயம். படத்தில் இருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டு போனான். அவனைப் பார்க்க அப்போது அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடலாம்.

"டேய், மூச்சு வாங்குதா? கையைக் குடு" என்றார் மாமா. இடது கையை நீட்டினார். கையோடு உடம்பும் சாய்ந்தது. அந்த இடத்தில் கயிறு இல்லை.

அவள் பாய்ந்து அவருடைய தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் பாறையில் மோதி, அதன் அடியில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த கல் உருண்டு போனது. அது எங்கே போய் விழுந்தது என்ற சத்தம் வரவேயில்லை.

கூலிங் கிளாஸ் கழன்று அவள் மடியில் விழுந்திருந்தது. எடுத்தாள். அவள் கைக்குக் கண்ணாடியைப் பார்க்காமலே தெரியும். லென்ஸின் உள்பக்கம் வழவழப்பாக இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு லென்ஸிலும் போட்டிருப்பவரின் இடது பாதி முழுக்க, உள்பக்கமாக உரசிக் கெட்டியாகக் கறுப்பு பூசியிருந்தது. ஓரம் பிசிறில்லாமல், நேர்கோடாக. கை தேர்ந்தவர் செய்த வேலை.

"என்ன மாமா இது?"

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு சரிவைப் பார்த்தார்.

"அவன் பார்த்த மாதிரி பார்க்கணும்னு செஞ்சேன்மா. கண்ணை உருட்டினா கொஞ்சம் ஏமாத்துது. ஆனா இவ்வளவுதான் முடிஞ்சது."

"எதுக்கு?"

அவர் சொன்னபோது குரல் கடைக்காரர் குரலாக இல்லை.

"மூணாவது கண்ணாடி குடுத்தப்ப அவன் என்கிட்ட ஒண்ணு சொன்னான். உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னு உனக்குச் சொல்லல. 'அப்பா, இடது பக்கம் யாரோ நிக்கிற மாதிரி இருக்கு, திரும்பினா இல்ல'ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? லென்ஸ்ல வெளிச்சம் பட்டு அடிக்குதுடா, கூசாத கோட்டிங் போட்டுத் தரேன்னேன். போட்டும் குடுத்தேன். சரிப்பான்னு வாங்கி மாட்டிக்கிட்டுப் போயிட்டான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "யாருடா நிக்கிறதுன்னு கேக்கலியேம்மா. ஆம்பளையா பொம்பளையான்னுகூட கேக்கல. பயந்துபோய்த்தான் வந்து சொல்லியிருக்கான். விரல்தான் காட்டல, சரி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா மாமா?"

"காட்டுல வரல. பாறைக்கு மேல ஏறினதும் வந்தான்."

யார் என்று அவள் கேட்கவில்லை.

அவள் அந்தக் கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டினாள். உலகத்தில் பாதி போய்விட்டது. மாமாவின் முகத்தில் பாதி இருந்தது, பாறையில் பாதி இருந்தது. இடது பக்கம் வெறும் கறுப்பு. அதற்குள் யாராவது நின்றால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. யாரும் நிற்காவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பயமாக இருந்தது. எது என்று தெரிந்துகொள்வதற்குள் கழற்றிவிட்டாள்.

அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"விழுந்திருந்தா? அத்தைகிட்ட நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது? ஒரு வீட்டுல ஒரு படம் மாட்டினது போதாதா? வயசாச்சே தவிர கொஞ்சமாவது..." மேற்கொண்டு பேச வராமல் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது. கொடிக்கம்பம், ஆரஞ்சு, சமையல்கட்டில் அத்தை, எல்லாம் இந்தக் கறுப்புப் பூச்சுதான். வீட்டிலும் போட்டு ஒத்திகை பார்த்திருப்பார். நோய் இல்லை. கிறுக்கு. கிறுக்குக்கு வைத்தியம் வேண்டியதில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் அது இருக்கிறது.

"உங்களுக்கும் அது வந்துடுச்சுன்னு நினைச்சேன் மாமா."

அவர் அவள் தலையில் கை வைத்தார்.

மாற்றுக் கண்ணாடி இல்லாமல் வெளியே கிளம்பக்கூடாது என்பது இந்தக் குடும்பத்தின் சட்டம். அவள் தன் பையிலிருந்து அவருடைய வழக்கமான வெள்ளைக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். கறுப்புக் கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"பளிச்சுன்னு இருக்கும்மா. போலாம்."

இறக்கத்தில் அவள் முன்னால் நடந்தாள். மாமா ஒரு கையை அவள் தோளில் வைத்துக்கொண்டார். "இறங்கும்போது முட்டி சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார். வைத்துக்கொள்ளட்டும் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாகப் படம் அவள் கண்ணுக்கு முன்னால் இல்லை. வெயில் தணிந்து மரங்களுக்குள் மஞ்சளாக இறங்கியது. அத்தையின் சமையலைப் பற்றிப் பேசினார்கள். சோதனை அறைக்கு நாளையிலிருந்து தானே போகப்போவதாக மாமா சொன்னார். அவள் அதை நம்பினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கைதட்டியது. நர்ஸ் ஒருத்தி மாமாவின் கழுத்தில் மாட்டப் பதக்க நாடாவோடு நின்றாள். கடைத்தெரு ஆட்கள் ஓரமாக நின்று கையை ஆட்டினார்கள். அவர் முடிவுக் கோட்டைத் தாண்டினார். மருமகளின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, தனியாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாண்டினார்.

சின்னவன் வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அப்பாவின் இடது பக்கமாக வந்து, கட்டிக்கொள்ள இரண்டு கையையும் விரித்து நின்றான்.

மாமா அவனைத் தாண்டி இரண்டடி போய், மருமகளிடம் கேட்டார்.

"சின்னவன் எங்கம்மா? வேன் இன்னும் வரலியா?"

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துச் சின்னவன் சிரித்தான். சிரிப்புச் சத்தம் கேட்டு மாமா திரும்பி, "அடடே, எப்படா வந்தே" என்றார். சின்னவனின் கைகள் விரித்தது விரித்தபடி இருந்தன. அவன் அண்ணியைப் பார்த்தான்.

மருமகள் பையைத் தொட்டுப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி துணிக்குள் கெட்டியாகத்தான் இருந்தது. மாமாவின் மூக்கில் இருந்தது வெள்ளைக் கண்ணாடி, அவள் கையாலேயே உரசிப் பொருத்தியது.

அவள் போய் அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"மாமா, என் மூக்கைப் பாருங்க."

அவர் முகத்தில் என்னவோ ஓடி மறைந்தது. "எதுக்கும்மா இப்ப? எல்லாரும் பாக்குறாங்க."

"சும்மா. என் மனசுக்காக."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு நல்ல வாடிக்கையாளராக நிமிர்ந்து நின்று அவள் மூக்கைப் பார்த்தார். கண் அசையவில்லை.

அவள் இடது கையை விரித்து அவருடைய வலது ஓரத்தில் ஒரு விரல் காட்டினாள்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"இந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டாளே தவிர, கையைத் தூக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி வலது கை உடம்போடு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சின்னவன் அந்தக் கையையே பார்த்தான். ஒரு நொடி, தூக்கிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மாமா அவள் மூக்கிலிருந்து பார்வையை எடுக்காமல், அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி புன்னகை செய்தார்.

"ரெண்டு" என்றார்.